பண்டிதர் அயோத்திதாசர்: ஏற்ற வறுமையும் ஏற்றப்பட்ட வறுமையும்

வறுமை மக்கள் தாமே விரும்பித் தேடிக்கொள்வதா, அன்றிப் பிறரால் அவர்மேல் ஏற்றப்படுவதா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. செல்வர் இதற்கு ஒருவகையாக விடை கூறுவர். வறியவர் மற்றொருவகையாகக் கூறுவர். சோம்பலாலும் குடியாலும் இவர்கள் தம் இழிநிலையைத் தாமே தேடிக்கொண்டனர் என்பது முன்னவர் கூற்று. இதுவே எங்கள் தலையெழுத்து, இருப்பதே எங்களுக்குப் போதும் என்பது பின்னவர் கூற்று. இவ்விரண்டும் வேறுவேறு போலத் தோன்றினும் ஆராய்ந்து நோக்கின் ஒன்றேயாம். வறுமைக்குக் காரணம் வறியவனிடத்தேயே உள்ளது என்பதே இரண்டன் முடிபும்.

பாலக்காட்டுச் சீமையின் கிழக்கெல்லையில் மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், முதலமடை முதலிய ஊர்களுக்கும், இடுக்கி மாவட்டத்து மறையூர், மூணாறு, பூப்பாறை, வண்டிப்பெரியாறு முதலிய மலையூர்களுக்கும் தன்மம் பேச யாம் செல்லுங்கால் இவ்விரண்டாம் கூற்றைப் பன்முறை கேட்டுள்ளோம். மாந்தோப்பில் கூலிவேலை செய்வோரும் தேயிலை கிள்ளுவோருமாகிய நம் மக்கள் மற்றுமொரு வினாவையும் எழுப்புகின்றனர். புத்த தன்மம் ஆசையை விடச் சொல்லுகிறது. விடுவதற்கு எங்களிடத்து என்ன இருக்கிறது என்பர் சிலர். ஆசை கூடாதெனின் கூலி உயர்வு கேட்பதும் பிழைதானோ என்று ஐயுறுவர் வேறு சிலர்.

இவ்வையத்திற்கு விடை நம் நூல்களில் உண்டு. நூலறியாதாரும் எளிதில் உணரத்தக்க விடை ஒரு பெரியாரின் வாழ்க்கையிலும் உண்டு. தமிழகத்தில் அவிந்து கிடந்த பௌத்த விளக்கை மீண்டும் ஏற்றிய பண்டிதர் க. அயோத்திதாசரே அப்பெரியார். அவர்தம் வரலாற்றை இக்கண்கொண்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் கந்தசாமி என்பார்க்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன் என்பது. அவர்தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயத் துரையின் இல்லத்தில் பட்லராக ஊழியம் செய்தவர். பிறர் உணவு மேசையருகே நின்று பிழைத்த அம்முதியவரிடத்தே திருக்குறள் ஓலைச்சுவடி இருந்தது. அச்சுவடி அவர் கையினின்று எல்லிஸ் துரையைச் சென்றடைந்தது என்று பண்டிதர் பிற்காலத்தே எழுதி வைத்துள்ளார். தமிழ் கற்ற ஆங்கிலேயருள் தலைசிறந்தவராகிய எல்லிஸ், 1812-ஆம் ஆண்டில் சென்னையில் கல்விச்சங்கம் நிறுவியவர் என்பதை வாசகர் அறிவர்.

இச்செய்தியை நாம் விரைந்து கடந்து செல்லலாகாது. கல்வியற்றவர், கல்விக்கு உரியரல்லாதவர் என்று ஊரார் ஒதுக்கிவைத்த குடியில் குறள் ஏடு காக்கப்பட்டு வந்தது. அக்குடிக்குக் கல்வி இருந்தது. கல்விக்குரிய மதிப்பே மறுக்கப்பட்டது. பொருள் இல்லாமை ஒருவகை வறுமை. இருப்பதனை இல்லை என்று பிறர் கூற, உடையவனும் அதனை நம்பிவிடுதல் அதனினும் கொடிய வறுமை. இவ்விரண்டாம் வறுமையை ஒழித்தற்கே பண்டிதர் தம் ஆயுள் முழுதும் உழைத்தார்.

இளமையில் அவர் தமிழ் இலக்கண இலக்கியங்களையும் சித்த மருத்துவத்தையும் அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்னும் ஆசிரியரிடம் கற்றார். அவ்வாசிரியர்பால் கொண்ட அன்பினால் காத்தவராயன் என்னும் தம் பெயரை நீக்கி ஆசிரியர் பெயரையே தம் பெயராகக் கொண்டார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் பயின்றார். மருத்துவமே அவர்க்குப் பிழைப்பாயிற்று.

நீலகிரியும் பெரும் பஞ்சமும்

பண்டிதரின் இளமையும் நடுவயதின் ஒரு பகுதியும் நீலகிரியில் கழிந்தன. அக்காலத்தே அம்மலையில் காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பி, தேயிலை, சிங்கோனா ஆகியவை பயிரிடப்பட்டன. கோயமுத்தூர், சேலம், மைசூர்ப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கூலிகளாக மலையேறினர். 1870களில் அவர் அங்கே அத்வைதானந்த சபை என்றொரு சபையை நிறுவி நடத்தினார். எல்லாம் ஒன்றே என்னும் அக்கொள்கை, ஒன்றாக நின்று நீர் மொள்ளவும் இடந்தராத உலகில் எவ்வாறு பொருந்தும் என்னும் எண்ணம் பிற்காலத்தே அவரை வேறு வழியில் செலுத்திற்று.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பல லட்சம் மக்கள் மாண்டனர். நிலமில்லாத கூலிகளே முதலில் மாண்டனர். அவர்களே மிகுதியாகவும் மாண்டனர். மழை யாவர்க்கும் ஒருங்கே பொய்த்தது. ஆயினும் களஞ்சியம் உடையவன் உயிர் பிழைத்தான். களஞ்சியத்தை நிரப்பிக் கொடுத்தவன் மடிந்தான். இவருள் யார் தம் பசியைத் தாமே தேர்ந்து கொண்டார்? எஞ்சியோர் இலங்கைக்கும் பர்மாவிற்கும் மலைத் தோட்டங்களுக்கும் சென்றனர்.

நம் எல்லைப்புறத்தார் ஓர் ஆண்டினை நினைவில் வைத்தல் நன்று. அப்பஞ்சத்தின் நடுவே, 1877-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளின் உரிமையைப் பெற்றார். பின்னர் அம்மலைகளில் தேயிலை பரவியபோது, கங்காணிமார் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் ஊர்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். போடி வழியாகவும் பிற மலைப்பாதைகள் வழியாகவும் நடந்தே ஏறினர் நம் முன்னோர். குளிரும் மலைக்காய்ச்சலும் பலரைக் கொண்டன. கங்காணி பெயரேட்டில் கைந்நாட்டு இட்டவன் விரும்பியே வந்தான் என்று சொல்லலாம். கீழே பசியும் மேலே கடனும் நிற்க, இடையே இட்ட கைந்நாட்டினை விருப்பம் என்று அழைப்பது சொல்லை வீணாக்குவதாகும்.

பெயர் என்னும் பொருள்

மனிதன் தன் நிலையை எவ்வாறு காண்கின்றானோ அதற்கேற்பவே நடப்பான் என்பதைப் பண்டிதர் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின் அவர் முதலிற் கையிலெடுத்தது கூலியையன்று, பெயரையே. ஒரு கூட்டத்தாரின் பெயரையே வசைச்சொல்லாக்கி, அவ்வசையை அவர்கள் வாயாலேயே தம் பெயரென்று சொல்லச் செய்வது பகைவரின் பெருஞ்சூழ்ச்சி என்று கண்டார். இம்மக்கள் சாதி பேதமற்ற திராவிடர் என்றும், பண்டு பௌத்தராய் வாழ்ந்து பிற்காலத்தே ஒடுக்கப்பட்டவர் என்றும் அவர் எடுத்துரைத்தார். 1891-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது சாதியற்ற திராவிடர் என்று பதிந்து கொள்ளுமாறு மக்களைத் தூண்டினார்.

அவ்வாண்டிலேயே திராவிட மகாஜன சபை தோன்றியது. டிசம்பர் மாதம் 1-ஆம் நாள் நீலகிரியில் கூடிய அச்சபையின் மாநாடு பத்துக் கோரிக்கைகளை நிறைவேற்றியது. சாதிப்பெயரால் இழித்துரைப்போரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். பிள்ளைகட்குப் பள்ளிகளும் உதவித்தொகையும் வேண்டும். கற்றோர்க்கு அரசாங்க வேலை வேண்டும். பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை வேண்டும். சிறையில் சாதி நோக்கி இழிதொழில் தரும் விதி நீங்கவேண்டும் என்பன அவற்றுட் சில. இக்கோரிக்கைகளுள் இரத்தல் என்பது ஒன்றும் இல்லை. யாவும் உரிமை பற்றியன. இரப்பவன் தன் வறுமையைத் தன்னுடையதென்று ஒப்புக்கொண்டு கை நீட்டுகிறான். உரிமை கேட்பவனோ என்னுடையது உன்னிடத்தில் உள்ளது என்று கணக்குக் காட்டுகிறான்.

1892-ஆம் ஆண்டில் சென்னையில் மகாஜன சபையின் கூட்டம் நடைபெற்றது. நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்ற பண்டிதர், பெருங்கோயில்களுக்குள் இம்மக்கள் நுழைய ஏன் தடை என்று கேட்டார். உங்களுக்குரிய சிறுதெய்வங்கள் தாம் வேறு உண்டே என்று அவையினர் மறுத்தனர். அவ்வாறாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என்று கூறி, ஊர்தோறும் பள்ளி அமைத்து நான்காம் வகுப்பு வரை இலவசமாகக் கற்பிக்கவும், தரிசாய்க் கிடக்கும் நிலங்களை இம்மக்கட்கு வழங்கவும் வேண்டும் என்று அவர் கேட்டார். அதனை அவையினர் ஏற்றனர். கோயிற் கதவு மூடிய கணமே அவர் பள்ளிக் கதவையும் நிலத்தையும் நாடிய திறம் எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

அக்காலத்தே செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் என்பார் அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்டோர் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடிசை நிற்கும் மண்ணும் தமக்குச் சொந்தமில்லாமையே அவர்கள் அடிமைத்தனத்தின் வேர் என்பதை அவ்வறிக்கை காட்டியது. அதன் பயனாக 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு மூலம். சோம்பலே வறுமைக்குக் காரணம் என்று நம்பியிருந்தால் அரசாங்கம் நிலம் கொடுத்திராது. அறிவுரை மட்டுமே கொடுத்திருக்கும்.

பௌத்தம் புகுந்தமை

இவ்வாறு உரிமைகளைக் கேட்டு வந்த பண்டிதர்க்கு, மக்களின் உள்ளத்தே ஊன்றிய ஒரு முட்புதர் தடையாய் நின்றது. முற்பிறப்பிற் செய்த தீவினையால் இப்பிறப்பில் இழிகுலத்தும் வறுமையிலும் பிறந்தோம் என்னும் நம்பிக்கையே அது. பசித்தவன் தன் பசியைத் தான் முன்னமே வாங்கிவிட்ட பண்டமாகக் கருதுவானாயின், அவன் யாரிடத்துச் சென்று முறையிடுவான்?

யாம் நூற்பாலையில் உழைத்த காலத்தும் இதனைக் கண்டோம். ஆலை மூடப்பட்டபோது எம்முடன் உழைத்தோர் பலர் எந்தக் கிரகத்தின் பார்வையோ என்று சோதிடரைத் தேடிச் சென்றனர். பஞ்சின் விலை என்ன, ஆலையின் கடன் என்ன, ஆலை நின்ற நிலத்தின் விலை என்ன என்று கேட்டவர் மிகச்சிலரே. கேட்ட அச்சிலரே தமக்கு வரவேண்டிய பாக்கியையும் கேட்கத் தெரிந்தவராயினர்.

பகவன் புத்தரோ முன்வினையே எல்லா இன்ப துன்பங்களுக்கும் காரணம் என்னும் கொள்கையை மறுத்தவர். அங்குத்தர நிகாயத்தில் இம்மறுப்பினைக் காணலாம். எல்லாம் முன்னமே முடிந்துபோயின என்று கொண்டால், செய்யத்தக்கது, தகாதது என்னும் முயற்சியே இல்லாது போய்விடும் என்பது அவர்தம் கருத்து. அன்றியும் தீகநிகாயத்துச் சக்கவத்தி சீகநாத சுத்தம், அரசன் இல்லாதார்க்குப் பொருள் வழங்காமையால் வறுமை பெருகிற்று, வறுமையால் களவும் களவால் கொலையும் பெருகின என்று காரண காரியத் தொடரைக் காட்டுகிறது. கூடதந்த சுத்தத்தில், நாட்டிற் கள்வர் பெருகின் தண்டனையால் அடக்க முயலாது, உழுவோர்க்கு விதையும் வணிகர்க்கு முதலும் ஊழியர்க்குக் கூலியும் கொடுக்குமாறு அரசனுக்கு அறிவுரை கூறப்படுகிறது. வறியவன் வறுமையைத் தேர்ந்து கொண்டான் என்பது பகவன் வாக்கில் யாண்டும் இல்லை.

இத்தன்மத்தைத் தேடிய பண்டிதர், கர்னல் ஆல்காட் துரையின் துணையை நாடினார். 1894-ஆம் ஆண்டில் சென்னை ஊரூரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகட்கு இலவசப் பள்ளி திறந்தவர் அத்துரை. 1898-ஆம் ஆண்டில் பண்டிதரும் ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் அவருடன் இலங்கை சென்று, கொழும்பு நகரில் சுமங்கல மகாதேரரிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றுப் பௌத்தராயினர். திரும்பி வந்ததும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது. இன்று நாம் யாவரும் தங்கியிருக்கும் நிழல் அன்று நட்ட அப்போதியின் நிழலேயாம்.

ஒரு பைசாத் தமிழன்

1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் பண்டிதர் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது தமிழன் என்று பெயர் பெற்றது. இதழின் விலையையே அதன் பெயராக வைத்த திறத்தை நோக்குக. பிறர் தம் இதழ்கட்குத் தெய்வப் பெயரும் தேசப் பெயரும் சூட்டிய காலத்தே, கூலிக்காரன் மடியில் உள்ள மிகச் சிறிய காசின் பெயரை இவர் சூட்டினார். ஒரு பைசா உடையவனும் கற்கலாம் என்பது அதன் பொருள்.

சமயம், வரலாறு, இலக்கியம், மருத்துவம், அரசியல் ஆகிய யாவும் அவ்விதழில் இடம்பெற்றன. சுதேசியம் பேசியோர் தம் ஊர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்டோரை நீர் எடுக்க விடாதிருந்த முரண்பாட்டினை அது தயங்காது காட்டியது. உழவும் கைத்தொழிலும் வாணிபமும் கல்வியும் பெருகினாலன்றி நாடு செழிக்காது என்று வற்புறுத்தியது. கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா முதலிய இடங்களில் பிழைக்கச் சென்ற தமிழரிடையே இதழும் சங்கமும் பரவின. தங்கவயலில் நிலத்தின் அடியில் இறங்கிப் பொன் வெட்டிய தொழிலாளர், மேலேறி வந்து கூடிப் பௌத்த நூல்களை வாசித்தனர். பின்னாளில் பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தவரும் அவர்களே. பொன்னை எடுத்துத் தருபவன் வறியவனாய் இருப்பது அவன் விருப்பத்தால் அன்று என்பதை அவர்கட்கு எவரும் சொல்ல வேண்டியிருந்திராது.

தம் மக்களின் குறைகளைப் பண்டிதர் மூடி மறைத்தாரல்லர். கள், சாராயத்தை விடுதல் பஞ்சசீலத்துள் ஒன்று. அதனை அவர்தம் சங்கம் கண்டிப்பாய்ப் போதித்தது. ஆயினும் குடிப்பதனால்தான் ஏழையானாய் என்று பழிப்பதற்கும், குடியை விடு, உன் பிள்ளை படிக்கட்டும் என்று தோள் தொட்டுச் சொல்வதற்கும் வேற்றுமை உண்டு. முன்னது கைகழுவுதல், பின்னது கைகொடுத்தல். பண்டிதர் கைகொடுத்தவர்.

கற்றவரும் கைராசியுள்ள மருத்துவருமாகிய அவர், தம் கல்வியைச் செல்வர் வாயிலில் விற்றுச் சுகமாக வாழ்ந்திருத்தல் கூடும். அவர் அதனைச் செய்தாரில்லை. வாரந்தோறும் இதழை எழுதியே உடல் தேய்ந்தார். 1914-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் தமது அறுபத்தொன்பதாம் வயதில் பரிநிப்பாணமுற்றார். அவர்க்குப் பின் அவர் மைந்தர் பட்டாபிராமன் இதழைச் சிலகாலம் நடத்தினார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவர்தம் எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999-ஆம் ஆண்டில் அவை பாளையங்கோட்டையினின்று வெளிவந்தன. 2005-ஆம் ஆண்டில் அரசாங்கம் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

இருவகை வறுமை

இனி, தொடக்கத்தே எழுந்த ஐயத்திற்கு வருவோம். வறுமை இருவகைப்படும்: ஒன்று ஏற்ற வறுமை, மற்றொன்று ஏற்றப்பட்ட வறுமை.

சாக்கிய குலத்துச் செல்வத்தைத் துறந்து பகவன் ஓடேந்தியது ஏற்ற வறுமை. மணிமேகலை அமுதசுரபி ஏந்தி வீதியில் நின்றது ஏற்ற வறுமை. பண்டிதர் பைசாவிற்குத் தம் அறிவை வழங்கியதும் அவ்வகையே. இவர்கள் வேறு வழி இருந்தும் இவ்வழியைக் கொண்டனர். கொண்டதும் பிறர் பசி தீர்க்கவே. வேறு வழியே இல்லாதவன் பட்டினி கிடப்பது துறவு ஆகாது. கதவு திறந்திருக்க உள்ளே அமர்ந்திருப்பவன் தவசி. கதவு பூட்டியிருக்க உள்ளே அமர்ந்திருப்பவன் சிறையாளி. இருவரும் அமர்ந்திருக்கின்றனர் என்பதனால் இருவரும் ஒருவராகார்.

பூட்டிய கதவுக்கு உதாரணம் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு முதலாளியே வீடு தரவேண்டும் என்று விதித்தது. வீடு கிடைத்தது, ஆனால் அது வேலையோடு பிணைந்த வீடு. 1970 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம், ஊராட்சிப் பகுதிகளில் பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தோர்க்குப் பத்துச் சென்ட் வரை உரிமை தந்தது. பெருந்தோட்டங்களோ உச்சவரம்பினின்று விலக்கப்பட்டன. லயத்து அறை அதில் வாழ்ந்தவனுக்கு உரிமையாகவில்லை. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்தல் வேண்டும். ஆதலின் கூரை போகாதிருக்க மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் கொடுக்கின்றனர். இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையையே விரும்பினர் என்று வெளியூரார் எழுதுவர். அவர்கள் விரும்பியது தேயிலையை அன்று. தலைக்கு மேல் ஒரு கூரையை.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். அச்சரிவின்கீழ் உறங்கும் இடத்தை அவர்களா தேர்ந்தனர்?

கதவைத் தட்டினோரும் நம்மிடையே உண்டு. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து வீதியில் அமர்ந்தனர். அன்று அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி, பெம்பிளை ஒருமை என்னும் பெயரில் தாமே தமக்காகப் பேசினர். ஒன்பது நாளில் போனசும் கருணைத்தொகையும் சேர்ந்து 20 விழுக்காடு என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாயிற்று. கேட்ட 500 ரூபாய் கிடைக்கவில்லை. ஆயினும் இதுவே போதும் என்று சொல்லிவந்த வாய்கள் போதாது என்று சொல்லின. போதும் என்று முன்னர்ச் சொன்னது நிறைவினால் அன்று, கேட்டும் பயனில்லை என்னும் களைப்பினால் என்பது அன்று விளங்கிற்று. மக்கள் தம் நிலையைப்பற்றிக் கூறும் சொல்லை நாம் மதித்துக் கேட்டல் வேண்டும். அச்சொல் எந்நிலையில் நின்று பிறந்தது என்பதையும் உடன் கேட்டல் வேண்டும்.

ஆசையை விடுதல் என்பது யாது

ஆசையை விடுக என்னும் உபதேசம் கூலி கேட்பதைத் தடுக்குமோ என்னும் வினாவிற்கு ஆளவி நகரத்து வரலாறே தக்க விடை. பகவன் அந்நகருக்கு வந்த நாளில் ஓர் ஏழை உழவன் தன்மம் கேட்க விரும்பினான். அவனுடைய எருது காணாமற் போயிற்று. அதைத் தேடிப் பிடித்துத் தொழுவத்திற் சேர்த்துவிட்டு, உண்ணாமலே ஓடிவந்தான். பகவன் அதுகாறும் வாய் திறவாது காத்திருந்தார். வந்ததும், மீதமுள்ள உணவை அவனுக்கு இடுமாறு கூறி, அவன் உண்டு களைப்பாறிய பின்னரே உபதேசம் தொடங்கினார். பிக்குகள் வியந்தபோது, பசியோடிருப்பவன் தன்மத்தை அறிய இயலாது, பசியினும் கொடிய நோய் இல்லை என்று விளக்கினார். அவன் பசியைத் துறவென்று அவர் புகழவில்லை. எருதைத் தேடியதை ஆசை என்று இகழவுமில்லை.

ஆகவே நாம் விடவேண்டியது பிறர் பங்கையும் தன்பால் சேர்க்கும் பேராசையை. தன் உழைப்பின் பங்கைக் கேட்பது ஆசையன்று, நீதி. சிகாலோவாத சுத்தத்தில் முதலாளிக்குரிய கடமைகளாக, வலிமைக்கேற்ற வேலை தருதலும், உணவும் கூலியும் அளித்தலும், நோயில் பேணுதலும், உரிய காலத்தே ஓய்வு தருதலும் கூறப்பட்டுள்ளன. அவற்றைக் கேட்கும் தொழிலாளி தன்மத்தையே கேட்கிறான்.

அன்பர்காள்! பண்டிதர் குடிமதிப்பு ஏட்டில் தொடங்கினார். நாமும் ஏட்டிலேயே தொடங்குவோம். கேரளத்து எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, சாதிச்சான்று பெற இயலாது இடர்ப்படுகின்றன. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காலத்திற்கு முன்னரே முன்னோர் அம்மாநிலத்தில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டினாலன்றிச் சலுகை கிடைப்பதில்லை. தோட்டப் பெயரேடு, பள்ளிச் சேர்க்கை ஏடு, பழைய கூலிச்சீட்டு ஆகியவற்றை அழியவிடாது தேடி எடுத்து வையுங்கள். பௌத்தராய் மாறினால் உரிமை போய்விடும் என்று அச்சுறுத்துவோர்க்கு, 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பௌத்தரையும் பட்டியலுள் சேர்த்ததைச் சொல்லுங்கள். லயத்துப் பிள்ளைகள் மாலையில் கூடிப் படிக்க ஓர் அறையும் ஒரு விளக்கும் ஏற்படுத்துங்கள். குடியை விட்ட ஒருவன் மற்றொருவனையும் அழைத்து வரட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நாங்கள் இப்படித்தான் என்னும் சொல்லை நாவினின்று நீக்குங்கள். எங்களை இப்படி வைத்தது எது என்று கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கக் கற்பித்தமையே பண்டிதர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம். அதனை உடையவன் கூழ் குடித்து வாழ்ந்தாலும் முற்றிலும் வறியவன் ஆகான். கூழ் குடிப்பதே தன் விதி என்று அடங்கியிருக்கவும் மாட்டான்.

பண்டிதர் புகழ் ஓங்குக! தன்மம் தழைக்க! நமோ புத்தாய.